பாதி டேப்லெட்

மேல வைக்க வேணாங்க்கா, மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு இடிக்குதுன்னா சொல்லுங்க, நான் இப்படித் திருப்பி வச்சுக்கிறேன். உள்ள டேப்லெட் இருக்கு. யாராச்சும் மேல மூட்டைய வச்சு அழுத்திட்டா போச்சு.

மாத்திரை இல்லக்கா. எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு மெடிக்கல் ஷாப்புல வேல பாக்குறவரு. நான் மொத மொத 'டேப்லெட் வாங்கணும்'னு சொன்னப்ப, 'ஏன், தலவலிக்குதா?'ன்னு கேட்டாரு. இது படம் வரையுற டேப்லெட். சிலேட்டு மாதிரி கறுப்பா ஒரு பலகை, அதுக்கு ஒரு பேனா. பலகையில வரைஞ்சா கம்ப்யூட்டர்ல தெரியும். கை இங்க இருக்கும், கண்ணு அங்க இருக்கும். பழகிட்டா சுலபம்னு சொல்றாங்க.

நீங்க எதுவரைக்கும்? கிளாம்பாக்கமா? நானும் அங்கதான். அப்ப நெறைய நேரமிருக்கு, இன்னும் தொழுதூரே வரல.

எம்பேரு தமயந்தி. பெரம்பலூர்ல கலியபெருமாள் அண்ணன் ஃப்ளெக்ஸ் கடையில ஒம்பது வருசமா டிசைனரு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லா பேனரும் அடிப்போம். எங்க வேலையில முக்காவாசி தல வெட்டுறதுதான். பயப்படாதீங்க. ஒரு காதுகுத்துன்னா மாமன்மாரு பன்னண்டு பேரு இருப்பாங்க. ஒருத்தரு பைக்கு மேல உக்காந்த போட்டோவக் குடுப்பாரு, ஒருத்தரு கோயில்ல மொட்ட போட்டப்ப எடுத்தத குடுப்பாரு. எல்லாருடைய தலையையும் தனித்தனியா வெட்டி, ஒரே மாதிரி வெள்ளச் சட்ட போட்ட உடம்புல ஒட்டணும். நான் முடிய ஒவ்வொண்ணா வெட்டுவேங்க்கா. மொட்டத் தலைக்கு முடி வச்சும் குடுத்திருக்கேன். மாவட்டத்துலயே அப்படி வெட்ட ஆளு கிடையாதுன்னு கலியபெருமாள் அண்ணனே சொல்லுவாரு, சம்பளத்தப் பத்திப் பேசாத நேரத்துல.

ஆனா என் மனசு அதுல இல்லக்கா. எனக்கு இல்லஸ்ட்ரேட்டர் ஆகணும். சின்னப் பிள்ளைங்க கதப் புத்தகத்துல படம் போடுறாங்க பாருங்க, அது. ஸ்கூல்ல நான் நல்லா வரைவேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்புறம் ஏன் வரையலன்னு கேட்டா, சரியான சாமான் கிடைக்கல. அதுதான் காரணம். வேற ஒண்ணுமில்ல.

மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க கடைக்கு எழிலரசின்னு ஒரு பொண்ணு வேலைக்கு வந்தா. வேப்பந்தட்டை பக்கம் ஒரு கிராமம். என்னைவிட எட்டு வயசு சின்னவ. போட்டோஷாப்புல ஒரு ஷார்ட்கட் தெரியாதுக்கா அவளுக்கு. எல்லாத்துக்கும் மவுச எடுத்துக்கிட்டு மெனுவுக்குப் போவா. நான்தான் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். மிஷின்ல பேனர் ஓடுறவரைக்கும் சும்மா இருக்க மாட்டா, சரிபாக்க அடிச்சு வேஸ்ட் ஆன ப்ரூஃப் பேப்பர் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால எதையாச்சும் கிறுக்கிக்கிட்டே இருப்பா. டீ கிளாஸ், கலியபெருமாள் அண்ணனோட செருப்பு, வாசல்ல படுத்திருக்குற நாய். நான் சொல்லுவேன், 'ஏண்டி, பேனா மை தீருது, அதுல ஒரு உருப்படியான வேலையப் பாக்கலாம்ல'ன்னு. சிரிப்பா.

ஒருநாள் ரெண்டு அக்கா தங்கச்சி வந்தாங்க. அவங்கம்மா தவறிட்டாங்க, மறுநாள் காரியம், பேனர் வேணும். போட்டோ கேட்டா, வாக்காளர் அட்டைய நீட்டுறாங்க. அதுல மூஞ்சிக்குப் பதிலா ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கு. அதத் தவிர அந்தம்மாவுக்கு வேற படமே இல்லையாம். நான் யோசிச்சுப் பாத்துட்டு நல்ல வழியாத்தான் சொன்னேன். 'நெட்டுல வயசானவங்க படம் நெறைய இருக்கு. ஒண்ண எடுத்து, உங்கம்மா மாதிரி கொண்டையும் மூக்குத்தியும் வச்சுத் தரேன். ரோட்டுல இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது'ன்னேன். அந்தத் தங்கச்சி என்ன ஒரு பார்வ பாத்துச்சு. உதவி செய்ய வந்தா இதுதாங்க்கா மரியாத.

இந்த எழிலு எந்திரிச்சு வந்து, 'உங்கம்மா சிரிச்சா எப்படி இருப்பாங்க?'ன்னு கேக்குறா.

'எங்கம்மா எங்க சிரிச்சுச்சு, எந்நேரமும் திட்டிக்கிட்டேதான் இருக்கும்'ங்குது பெரியது.

'திட்டுறப்ப எப்படி இருப்பாங்க?'

அவ்வளவுதான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. பல்லு இங்க ஒண்ணு போயிருக்கும், புருவத்த இப்படித் தூக்கும், முந்தானைய இழுத்து இடுப்புல சொருகும். இவ ப்ரூஃப் பேப்பர் பின்னாடி வரைஞ்சுக்கிட்டே இருக்கா. ஒரு மணி நேரம். முடிச்சுத் திருப்பிக் காட்டினா. அந்தத் தங்கச்சி ரெண்டடி பின்னால போயிருச்சு. 'அம்மா'ன்னு வாயப் பொத்திக்கிட்டு, 'அக்கா, எங்கடி போனீங்கன்னு கேக்குற மாதிரியே இருக்குக்கா'ன்னு ஒரே அழுக.

நீங்களே சொல்லுங்க, செத்தவங்க திட்டுற மாதிரி பேனர் வைக்கலாமா? நான் அத ஸ்கேன் பண்ணி, வாய லேசா மூடி, பல்ல சரி பண்ணி, மாலை போட்டு, தலைக்குப் பின்னாடி ஒரு ஜோதி வச்சு அழகா ரெடி பண்ணிட்டேன். பெரியவ வந்து பாத்துட்டு, 'அந்தப் பொண்ணு போட்டத அப்படியே போடுங்க. இந்த லைட்டெல்லாம் வேணாம்'னுட்டுப் போயிருச்சு. அப்படியேதான் அடிச்சோம். ஆறுக்கு நாலு, பேனாக் கோட்டோட. ஊர்க்காரங்க அத நின்னு நின்னு பாத்தாங்களாம். மறுவாரமே கலியபெருமாள் அண்ணன் கடை போர்டுல 'இங்கு படம் வரைந்து தரப்படும்'னு ஒரு வரி சேத்தாரு. சீனியர் நான் இருக்கேங்குற தைரியத்துலதான் சேத்திருப்பாரு.

அப்பத்தான் நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம், ஆளுக்குப் பாதி போட்டு ஒரு டேப்லெட் வாங்குறதுன்னு. எது வாங்கணும்னு பாக்குற பொறுப்ப நான் எடுத்துக்கிட்டேன். அவளுக்கு என்ன தெரியும்?

ஏழு மாசம் பாத்தேங்க்கா. ஸ்க்ரீன் உள்ளது வாங்குறதா, இல்லாதது வாங்குறதா? பேனாவுக்கு பேட்டரி வேணுமா, வேணாமா? பேனாவ எவ்ளோ அழுத்துறோம்ங்குறத அது எட்டாயிரத்துச் சொச்சம் படியா பிரிச்சுத் தெரிஞ்சுக்கும், புதுசுல பதினாறாயிரம். இந்த பதினாறாயிரம் வர்ற வரைக்கும் பொறுக்கணும்னு நான் சொன்னேன். எழிலு, 'அக்கா, எனக்கு மெதுவா, அழுத்தி, ரெண்டுதாங்க்கா தெரியும்'ங்குறா. விளையாட்டுப் பிள்ள. அப்புறம் சாஃப்ட்வேரு. மாசா மாசம் கட்டுறது இருக்கு, ஒரே தடவையா வாங்குறது இருக்கு, சும்மா கிடைக்கிறதும் இருக்கு. சும்மா கிடைக்கிறதுல போய் நல்ல படம் வருமாக்கா? ஒரு வெள்ளக்காரரு வீடியோ போடுறாரு, ஒரு டேப்லெட் நல்லாருக்குன்னு அவரு சொன்னா, அடுத்த வாரம் அதவிட நல்லது வந்திருச்சுன்னு அவரே சொல்றாரு. நானும் அவரு பின்னாடியே போறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு ரொம்பிருச்சு. எழிலு இடையில இடையில வந்து, 'ஏதாச்சும் ஒண்ண வாங்கிருவோம்க்கா'ன்னு கேப்பா. 'பொறுடி, வாழ்க்கையில ஒரு தடவ வாங்குறது'ன்னு நான் சொல்லுவேன்.

கடைசியா திருச்சிக்குப் போனோம், கடையிலயே வரைஞ்சு பாத்து வாங்கலாம்னு. நான் மொறப்படி சோதிச்சேன். ஒரு நேர்க்கோடு, ஒரு வட்டம், என் கையெழுத்து. இவ பேனாவ வாங்குனா, எதிர்ல நின்ன சேல்ஸ்மேன வரைஞ்சுட்டா. கன்னத்துல மச்சத்தோட. அவரு மத்த வேலைய விட்டுட்டு அத போன்ல போட்டோ எடுக்குறாரு, பக்கத்துல இருந்தவங்களக் கூப்பிட்டுக் காட்டுறாரு. நான் அந்தப் பேனாவோட சாய்மானத்தப் பத்திக் கேட்டதுக்குப் பதிலே வரல. எனக்குக் கோவம். பேனாவ டெஸ்ட் பண்ண வந்த எடத்துல எதுக்குக்கா ஆளப் போய் வரையணும்?

வாங்குனது இதுதான். ஸ்க்ரீன் இல்லாதது. கடையில மூணாம் நம்பர் சிஸ்டத்துல மாட்டிக்கச் சொல்லி கலியபெருமாள் அண்ணன் பெரிய மனசு பண்ணினாரு. காலையில எட்டு மணிலருந்து கடை தொறக்குற பத்து மணி வரைக்கும். திங்க, செவ்வா, புதன் எனக்கு. வியாழன், வெள்ளி, சனி அவளுக்கு. ஞாயித்துக்கெழம அதுக்கும் ரெஸ்ட்டு.

வாங்கி ஒரு மாசம் இருக்கும், எழிலு போன்ல ஒரு அறிவிப்பக் காட்டுனா. சென்னையில சின்னப் பிள்ளைங்க புத்தகம் போடுற ஒரு பதிப்பகம். அவங்களே ஒரு குட்டிக் கத குடுத்திருக்காங்க. சந்தையில விக்கிறதுக்குக் கொண்டுபோன ஆடு, யாருக்கும் தெரியாம பஸ் ஏறித் தானே வீட்டுக்குத் திரும்பி வந்துருது. அதுக்குப் பன்னண்டு பக்கம் படம் போட்டு, முப்பதாம் தேதிக்குள்ள அனுப்பணும். நல்லா போடுறவங்களுக்கு அந்தப் புத்தகம். பிடிச்சுப் போச்சுன்னா அவங்க ஆபீஸ்லயே வேலை. ரெண்டு பேரும் போடுறதுன்னு முடிவு. போட்டிதான், ஆனா சண்டையில்ல.

நான் அவசரப்படல. அடிப்படைய மொதல்ல சரி பண்ணணும்ல. மொத வாரம் நாலு சாஃப்ட்வேர ஏத்திப் பாத்தேன். ரெண்டாவது வாரம் பிரஷ் சேத்தேன். கம்ப்யூட்டர்ல பிரஷ்னா நம்ம தூரிகை மாதிரி ஒண்ணு ரெண்டு இல்லக்கா. மழைக்குத் தனி பிரஷ், புல்லுக்குத் தனி, ஆட்டு மயிருக்கே பதினெட்டு கிடைச்சுச்சு. மொத்தம் ஆயிரத்து இருநூறு. எல்லாத்துக்கும் தமிழ்ல பேரு வச்சு, தனித்தனியா அடுக்கி வச்சேன். வியாழக்கெழம இவ வந்தா, முதல் வேலையா என் பிரஷ்ஷ எல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு ஒரே ஒரு பிரஷ்ஷ எடுத்து வச்சுக்குவா. ஒண்ணே ஒண்ணுக்கா! கல்யாணப் பந்தியில ஒரே கரண்டிய வச்சுக்கிட்டு சாம்பாரும் பாயசமும் ஊத்துன மாதிரி. நான் சொல்லிப் பாத்தேன். 'இதுலயே வருதுக்கா'ங்குறா.

மூணாவது வாரம் நான் ஆட்டோட இடது காத ஆரம்பிச்சேன். காது நல்லா வந்துச்சு. உள்ள நரம்பெல்லாம் தெரியும். ஆனா மயிரு ஒவ்வொண்ணா போடுறப்ப சிஸ்டம் திக்குது. பேனாவ இழுத்தா கோடு அரை நிமிசம் கழிச்சு வருது. எப்படிக்கா வேலை செய்ய முடியும்? அப்ப எழிலு பத்து பக்கம் முடிச்சிருந்தா. அவளுக்குத் திக்கலியான்னு கேட்டேன், 'கவனிக்கலக்கா'ன்னுட்டா.

ஒரு புதன்கெழம. முப்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாளு. காலையில ஏழரைக்கே போயி சிஸ்டத்த ஃபார்மட் அடிச்சேன். எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சுட்டு, விண்டோஸ் புதுசாப் போட்டு, சாஃப்ட்வேரோட புது வெர்ஷன ஏத்துனேன். கடை ஃபைலெல்லாம் வேற டிரைவ்ல பத்திரமா இருக்கு, நான் முட்டாளா? இவளோட ஆடு டெஸ்க்டாப்புல இருந்திருக்கு. டெஸ்க்டாப்புல யாராச்சும் வைப்பாங்களாக்கா? டெஸ்க்டாப்புல இருக்குறது ஃபார்மட் அடிச்சா போயிரும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வார்த்த கேட்டுரலாம்னு போனக்கூட எடுத்தேன். மணி ஏழரை. பாவம், ஊர்லருந்து பஸ் புடிச்சு வர்ற பொண்ணு, தூங்கட்டுமேன்னு விட்டுட்டேன். அவ நல்லதுக்குத்தான் விட்டேன்.

அன்னைக்குப் பூரா முகூர்த்த வேல, மூணாம் நம்பர் பக்கம் யாரும் போகல. வியாழக்கெழம காலையில வந்தா. பைய வச்சா, உக்காந்தா, பேனாவ எடுத்தா. நான் பின்னாடி நின்னுக்கிட்டு, 'எவ்ளோ ஸ்பீடா இருக்கு பாரு எழிலு'ன்னேன். அவ ஸ்க்ரீன இந்த மூலையிலருந்து அந்த மூல வரைக்கும் பாக்குறா. மறுபடி பாக்குறா. அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாக் கேட்டா.

'அக்கா, ஆடு எங்க?'

அழல. கத்தல. அழுதிருந்தாக்கூட நான் ஏதாச்சும் சமாதானம் சொல்லியிருப்பேன். நான் டெஸ்க்டாப்புல ஏன் வைக்கக் கூடாதுங்குறத விளக்குனேன். சி டிரைவ்னா என்ன, டி டிரைவ்னா என்ன, எல்லாம். கேட்டுக்கிட்டே பேனாவ அதோட ஸ்டாண்டுல செருகி வச்சா. கீழ இருந்த ப்ரூஃப் பேப்பர்ல ஒரு கட்ட எடுத்துப் பையில வச்சா. எந்திரிச்சுப் போயிட்டா. மணி எட்டே கால்.

பத்து மணிக்குக் கலியபெருமாள் அண்ணன் வந்து, 'எங்க அந்தப் பொண்ணு? ஞாயித்துக்கெழம முகூர்த்தம், பதினேழு பேனர் நிக்குது'ன்னு குதிக்கிறாரு. என்ன சொல்றது? வாயில வந்தத சொன்னேன், 'அம்ம போட்டிருக்குண்ணே'ன்னு. மனுசன் நாற்காலிய நாலடி பின்னால இழுத்துக்கிட்டாரு. 'வேப்பல கட்டச் சொல்லு, பத்து நாளைக்கு இந்தத் தெருவுக்கே வர வேணாம்னு சொல்லு. நீ அவ பக்கத்துல உக்காந்தியா?'ன்னு கேட்டாரு. அதுலருந்து எனக்கு டீய ஜன்னல் வழியா வைக்கச் சொன்னாரு.

அந்தப் பதினேழு பேனரையும் யாருக்கா முடிச்சா? நான்தான். என் பங்கு, அவ பங்கு ரெண்டும். மாமன், மச்சான், பங்காளி, சித்தப்பான்னு மூணு நாள்ல நூத்தி நாப்பது தல வெட்டுனேன். என் மூணு நாள் போச்சு, என் ஆடு அப்படியே நின்னுச்சு, ஒத்தக் காதோட. இத இன்னைக்கு வரைக்கும் நான் அவகிட்ட சொல்லிக் காட்டுனதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

முப்பதாம் தேதி காலையில எட்டு மணிக்கு வந்தா. முகமெல்லாம் வாடி, நிஜமாவே அம்ம போட்டு எந்திரிச்ச மாதிரி இருந்தா. பையிலருந்து பன்னண்டு பேப்பர எடுத்து, 'ஸ்கேன் பண்ணித் தரீங்களாக்கா?'ன்னா. நீல பால்பாயிண்ட். அதுக்கு மேல ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்குற வாட்டர் கலர். பேப்பரு பின்னாடி யாரோ வீட்டு வளைகாப்பு ப்ரூஃப் லேசாத் தெரியுது.

நான் ஒவ்வொண்ணா பாத்தேன். ஆடு பஸ் ஜன்னல்ல தலைய வச்சுக்கிட்டுக் காத்து வாங்குது. கண்டக்டரு டிக்கெட் கேக்குறாரு, அது வேற பக்கம் பாக்குது. கடைசிப் பக்கத்துல வீட்டு வாசல்ல வந்து நிக்குது, கதவு சாத்தியிருக்கு, அது நம்மளத் திரும்பிப் பாக்குது. ஸ்கேனர் கண்ணாடியத் தொடச்சேன். தூசியா இருந்துச்சு. மூணு தடவ தொடச்சேன்.

'பின்னாடி ப்ரூஃப் தெரியுதுடி, அத எடுத்துட்டு வெள்ளையாக்கித் தரவா?'ன்னேன்.

'தொடாதீங்கக்கா'ன்னா.

அந்த ஒரு வார்த்ததான். அதத் தவிர அவ எங்கிட்ட கோவமாப் பேசினதே இல்ல.

நான் என்னோடத அனுப்பல. காத மட்டும் எப்படி அனுப்புறது?

ரெண்டு மாசம் கழிச்சுக் கடை போனுக்குத்தான் கால் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். பதிப்பகத்துலருந்து வாசுகின்னு ஒரு மேடம். 'எழிலரசி இருக்காங்களா?'ன்னாங்க. 'அவங்க சீனியர் பேசுறேன், சொல்லுங்க'ன்னேன். 'நூத்துக்கும் மேல வந்துச்சுங்க. கம்ப்யூட்டர்ல போட்ட ஆடெல்லாம் பாக்க ஒரே மாதிரி இருந்துச்சு. இந்த ஒண்ணுதான் எங்கள மொறச்சுப் பாத்துச்சு'ன்னாங்க. நான் எங்க டேப்லெட்டோட விவரத்த எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். 'இல்லங்க, இவங்க பேனாவுலதான போட்டிருக்காங்க?'ன்னு கேட்டு நடுவுலயே நிறுத்திட்டாங்க. அவங்களுக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாப் புரியல.

போன வச்சதும் எழிலுகிட்ட சொன்னேன். கையில இருந்த அளவு டேப்ப கீழ விட்டுட்டா. அப்படியே சுவத்துல சாஞ்சு நின்னா. எனக்கும் சந்தோசந்தான், இல்லேங்கல. கலியபெருமாள் அண்ணன் லட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு. எல்லாரும் அவளத்தான் புகழுறாங்க. ஒருத்தருக்காச்சும் விசயம் என்னன்னு தெரியணும்ல? அவ தனியா இருக்குறப்ப சொன்னேன், 'எழிலு, யோசிச்சுப் பாரு. அன்னைக்கு நான் ஃபார்மட் அடிக்காம இருந்திருந்தா, நீ கம்ப்யூட்டர் ஆட்டத்தான அனுப்பியிருப்ப? நூத்துல ஒண்ணா போயிருக்கும். நீ பேப்பருக்கு வந்ததுக்குக் காரணமே நான்தான்.'

அவ கையில இருந்த லட்டக் கீழ வச்சா. 'அப்படித்தான் நெனச்சுக்கிறீங்களாக்கா?'

'வேற எப்படி நெனைக்கிறது?'

'சரிக்கா. அப்படியே நெனச்சுக்கங்க.'

ஒத்துக்கிட்டா பாத்தீங்களா? நல்ல பொண்ணு, அதெல்லாம் சொல்லணும்.

அவளுக்கு அவங்க ஆபீஸ்லயே வேலை குடுத்துட்டாங்க. சென்னைக்குக் கெளம்புற அன்னைக்குக் கடைக்கு வந்தா. நான் டேப்லெட்டத் தொடச்சு டப்பாவுல போட்டு எடுத்து வச்சிருந்தேன், எப்படிப் பங்கு வைக்கிறதுன்னு பேசணும்ல. அவ டப்பாவத் தொடவே இல்ல. 'நீங்களே வச்சுக்கங்கக்கா. இனிமே வாரம் முழுக்க உங்களுக்குத்தான்'னா. கோவத்துல சொன்னாளா, ஆசையாச் சொன்னாளா, இன்னும் எனக்குப் பிடிபடல. முகத்துல ஒண்ணும் தெரியல. நான் வெட்டுற தலைங்கள்லாம்கூட அதவிட ஏதாச்சும் சொல்லும்.

இப்ப வாரம் முழுக்க எனக்குத்தான். ஆனா வியாழன், வெள்ளி, சனி நான் எடுக்குறதில்லக்கா. காலையில கடைக்குப் போவேன், மூணாம் நம்பர் முன்னாடி உக்காருவேன், கை போகாது. பேனாவுக்கும் ரெஸ்ட் வேணும்ல. தொடர்ந்து போட்டா நுனி தேஞ்சுரும்னு அந்த வெள்ளக்காரரே சொல்லியிருக்காரு.

திங்க, செவ்வா, புதன்லயா? வலது காது பாதி வந்திருக்கு. அவசரமில்ல. கத முடிஞ்சு போச்சு, இனிமே நிம்மதியா செய்யலாம்.

புத்தகம் வந்துச்சு. கூரியர்ல எனக்கு ஒண்ணு அனுப்பியிருந்தா. மொதப் பக்கத்துல வாசுகி மேடம் பேரு இருக்கு, கத எழுதுனவரு பேரு இருக்கு, அச்சடிச்ச பிரஸ்ஸு பேருகூட இருக்கு. நான் நாலு தடவ தேடிப் பாத்தேன். சரி, விடுங்க. உள்பக்கத்துல பேனாவால 'தமயந்தி அக்காவுக்கு'ன்னு எழுதி, ஒரு ஆடு போட்டுக் குடுத்திருக்கா. அழுத்திப் போட்டிருக்கா, தாளுக்குப் பின்பக்கம் வரைக்கும் தடம் விழுந்திருக்கு. தடவிப் பாத்தா விரல்ல தட்டுப்படும். பிரஷர் கன்ட்ரோலே இன்னும் வரல அவளுக்கு.

அதுக்கப்புறம் எட்டு மாசம் பேச்சே இல்ல. நானும் கூப்பிடல. வேலையா இருப்பா, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்.

போன செவ்வாக்கெழம காலையில கால் வருது. 'அக்கா, நல்லாருக்கீங்களா?'ன்னா. குரல் அப்படியேதான் இருக்கு. ஆபீஸ்ல அவளுக்கு ஸ்க்ரீன் உள்ள டேப்லெட்டே வாங்கிக் குடுத்துட்டாங்களாம், பெருசு, பதினாறாயிரம் படி உள்ளது. பேனாவ வைக்கிற எடத்துல கோடு விழாம, கொஞ்சம் தள்ளி விழுதாம். 'வந்து பாத்துத் தரீங்களாக்கா? வந்தா ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போகணும், எங்கூட ரூம்ல தங்கிக்கலாம்'னா.

எனக்குத் தெரியும்க்கா, அது அஞ்சு நிமிச வேலை. செட்டிங்ஸ்ல போயி, நாலு மூலையிலயும் பேனாவால ஒரு புள்ளி வைக்கணும், அவ்வளவுதான். போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா இந்த மாதிரி வேலையெல்லாம் நேர்ல பாக்காம சொல்லக் கூடாது. கலியபெருமாள் அண்ணன்கிட்ட எனக்கு அம்ம போட்டிருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தப் பழைய டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டேன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். பஸ்ஸு பத்தரைக்குத்தான், நான் எட்டு மணிக்கே வந்து ஸ்டாண்டுல நின்னுட்டேன். லேட்டாயிரக் கூடாதுல்ல.

நேத்து மறுபடி போன் பண்ணினா. 'அக்கா, நீங்க வர்றதுக்குள்ள என் படத்தையெல்லாம் மூணு எடத்துல காப்பி பண்ணி வச்சுட்டேன். ஒண்ணு வாசுகி மேடம் வீட்டுல இருக்கு. நீங்க பயப்படாம கை வைக்கலாம்'னு சொல்லிச் சிரிச்சா. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எவ்ளோ தடவ சொல்லியிருப்பேன், டெஸ்க்டாப்புல வைக்காத, வைக்காதன்னு. சொன்னது வீண் போகல பாருங்க.

இன்னொண்ணு தெரியுமா? அவங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறதுக்குன்னே ஒருத்தரு இருக்காராம். சம்பளத்துக்கு. பேச்சுவாக்குல அவளே சொன்னா. அந்த ஆளு பக்கத்து ரூம்லயே உக்காந்திருக்காராம். அவர விட்டுட்டு, பெரம்பலூர்ல இருக்குற என்னக் கூப்பிடுறா. அவருக்கு ஒண்ணும் தெரியாது போல. இந்தக் காலத்துல யாருக்குக்கா எதுவும் முழுசாத் தெரியுது?

என்னக்கா சிரிக்கிறீங்க?

கோடு தள்ளி விழுதுக்கா. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கா. வேற எதுக்குக் கூப்பிடப் போறா?